கடந்தைக்கு மனுஷன் முகம் ஞாபகம் இருக்குமா?

ஏப்ரல் 4, இரவு 9.40

எங்கள் தோப்பில் பதநீர் இறக்கும் அண்ணாச்சி ஒன்று சொல்கிறார், நம்புவதா சிரிப்பதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது தோப்பு. ஏழாவது பனையில் காவோலைக் கொத்துக்குள் கடந்தை கூடு கட்டியிருக்கிறது, ஃபுட்பால் அளவு இருக்கும். மாசியில் அது தெரியாமல் காவோலையைக் கழிக்கப்போய் நாலு இடத்தில் கொட்டு வாங்கினார், காதில் ஒன்று, பிடரியில் மூன்று. பாதி மரம் இறங்கி, மீதிப் பாதி சறுக்கி வந்ததில் நெஞ்செல்லாம் சிராய்ப்பு. அதிலிருந்து அவர் அந்த மரத்தில் ஏறினாலே இரண்டு மூன்று கடந்தை இறங்கி வந்து முகத்துக்கு நேரே நிற்கிறதாம். அவருடைய மகன் அதே மரத்தில் தினமும் ஏறி இறங்குகிறான், அவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

"மொகத்தப் பாத்து வச்சுக்கிருச்சு தம்பி. இனி மறக்காது."

இது நடக்கிற காரியமா? யாராவது விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 4, இரவு 10.15

கடந்தை என்றால் எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சில ஊர்களில் கதண்டு என்பார்கள். பேப்பரில் 'கதம்ப வண்டு' என்று போடுவதும் இதைத்தான், ஆனால் வண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது குளவி ஜாதி. உடம்பு கறுப்பு, வயிற்றின் முன்பாதியில் மட்டும் ஆரஞ்சு மஞ்சளில் ஒரு பட்டை, பின்பாதி திரும்பவும் கறுப்பு. பறந்து வரும்போது தூரத்தில் புல்லட் பைக் வருகிற மாதிரி அடித்தொண்டைச் சத்தம். ஜன்னல் கம்பியில் காகிதப் பூ மாதிரி சின்னக் கூடு கட்டுமே, அது வேறு.

தீயணைப்புத் துறைக்குச் சொல்லலாமே என்றவருக்கு: சொன்னால் வருவார்கள். அண்ணாச்சிதான் வேண்டாம் என்கிறார். காய்ந்த ஓலையில் பந்தம் பட்டால் மரமே போச்சு என்று பயம். பாளை விட்டு நன்றாகச் சுரக்கிற மரம் வேறு.

ஏப்ரல் 5, மதியம் 1.30

ராத்திரி முழுக்கத் தேடிப் படித்தேன். அண்ணாச்சி சொன்னது சரி போலிருக்கிறது!

அமெரிக்காவில் எலிசபெத் டிபெட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2002லேயே காட்டியிருக்கிறார். ஒரு கூட்டில் இருக்கிற குளவிகளின் மூஞ்சியில் மஞ்சளும் பழுப்புமாக ஆளுக்கொரு கோலம். ஒன்றைப் பிடித்து மூஞ்சியில் கொஞ்சம் பெயிண்டை வைத்து அடையாளத்தை மாற்றிக் கூட்டிலேயே திரும்ப விட்டால், கூடப் பிறந்ததுகளே 'யார்ரா நீ' என்று சண்டைக்கு வருகின்றன. கொஞ்ச நேரம் போனதும் புது மூஞ்சி பழகி அடங்கிவிடுகின்றன. 2008ல் இன்னொன்று: ஒருமுறை சந்தித்துச் சண்டை போட்ட இரண்டைப் பிரித்து, நடுவில் வேறு குளவிகளோடு பழகவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சேர்த்தால் பழைய ஆள் என்று தெரிந்து அமைதியாக இருக்கின்றன. ஒரு வாரம்! எனக்குக் கல்யாண வீட்டில் பார்த்த முகம் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தெரிவதில்லை.

2011ல் மைக்கேல் ஷீஹனும் அவரும் சேர்ந்து செய்ததுதான் பெரிய வேலை. தரையில் லேசாகக் கரண்ட் ஓடும் ஒரு கவட்டைப் பாதை. ஒரு பக்கம் ஒரு குளவியின் முகப்படம், மறுபக்கம் இன்னொன்று. சரியான முகத்தின் பக்கம் போனால் ஷாக் இல்லை. சீக்கிரமே கற்றுக்கொண்டனவாம். புழுவின் படம், கட்டம் கோடு மாதிரிப் படங்கள் வைத்தால் அவ்வளவு வேகம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே முகப்படத்தில் மீசையை (தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பை) மட்டும் அழித்துக் கொடுத்தாலும் தடுமாறுகின்றன.

ஏப்ரல் 5, இரவு 8.05

மதியம் போட்டதைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். சந்தோஷத்தில் இரண்டு விஷயத்தைக் கோட்டைவிட்டேன்.

ஒன்று, அது கடந்தை இல்லை. நான் ஜன்னல் கம்பிக் குளவி என்று சொன்னேனே, அந்த ஜாதி. அதிலும் அந்தச் சோதனையில் ஒரே ஒரு வகைதான் கெட்டிக்காரி. அதன் பங்காளி வகை ஒன்றை அதே கவட்டைப் பாதையில் விட்டுப் பார்த்ததில் முகம் படிக்க அவ்வளவாக வரவில்லை. கெட்டிக்கார வகையில் பல ராணிகள் சேர்ந்து ஒரே கூட்டில் குடியிருக்கும், யார் பெரியவள் யார் சின்னவள் என்று தெரிந்தால்தான் குடும்பம் ஓடும். மற்றதில் ராணி தனிக்குடித்தனம், யார் முகத்தைப் படித்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு, அது குளவி குளவியின் முகத்தைப் பார்ப்பது. குளவி அண்ணாச்சி முகத்தைப் பார்ப்பது இல்லை.

ஏப்ரல் 6, காலை 7.20

தேனீக்கு மனுஷ முகம் தெரியும் என்று ஒருவர் போட்டிருந்தார், அது உண்மைதான். 2005ல் ஏட்ரியன் டயர் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்தது. கறுப்பு வெள்ளையில் மனிதர்களின் போட்டோ. சரியான ஆளின் படத்துக்குப் போனால் சர்க்கரைத் தண்ணீர், தப்பான ஆளுக்குப் போனால் கசக்கும் கொயினா. பழகின பிறகு சர்க்கரையை எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் சரியான ஆளிடமே போயிருக்கின்றன. தேனீயின் மூளை கடுகை விடச் சிறியது, நரம்பணு 10 லட்சத்துக்கும் குறைவு. 2018ல் ஐரோப்பாவின் மஞ்சள் குளவிக்கும் அதே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள், அதுவும் பாஸ். அந்த மஞ்சள் குளவி நம் கடந்தைக்குச் சித்தப்பா மகள் முறை வேண்டும், ஒரே உள்குடும்பம்.

ஆக, கடந்தைக்குப் பாடம் எடுத்தால் நம் முகத்தைப் படிக்க வாய்ப்பு இருக்கிறது. பாடம் எடுக்கத்தான் ஆள் வேண்டும். போட்டோவைச் சர்க்கரைத் தண்ணீரோடு திரும்பத் திரும்பக் காட்டிப் படிக்கவைப்பதும், மரத்து உச்சியில் கலாட்டாவுக்கு நடுவில் அண்ணாச்சியை ஒரு நிமிஷம் பார்த்ததும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

ஏப்ரல் 6, இரவு 9.00

காக்காய்க்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்றால், அது வேறு கணக்கு. அமெரிக்காவில் மார்ஸ்லஃப் என்பவர் குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு 2006ல் காக்காய் பிடித்தார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்த முகமூடியைக் கண்டால் காக்காய்கள் கூடிக் கத்தின, பிடிபடாத காக்காய்கள் உள்பட. பக்கத்து மண்டபம் ஊரில் மீன் காயப்போடுகிற ஆட்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் காக்காய் பல வருஷம் இருக்கும். கடந்தையில் நம்மைக் கொட்டுகிற வேலைக்காரிக்கு ஆயுசு சில வாரம். இதை யாருமே யோசிக்கவில்லை, நானும்தான். அண்ணாச்சியை மாசியில் கொட்டியவை பங்குனி முடிவதற்குள் செத்திருக்கும். இப்போது கூட்டில் இருப்பவை அவர் முகத்தை முதல் தடவை பார்க்கிறவை. அம்மா பிள்ளைக்குச் சொல்லி வைத்துவிட்டுச் செத்திருந்தால்தான் உண்டு.

இதை இன்றைக்கு அண்ணாச்சியிடம் சொன்னேன். பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டே, "சொல்லித்தான் வச்சிருக்கும்" என்றார்.

ஏப்ரல் 8, மதியம் 3.10

கண் எவ்வளவு தெளிவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையை முழுசாக நீட்டிக் கட்டை விரலைப் பாருங்கள். அந்த நக அகலம் சுமார் 2 டிகிரி. தேனீயின் கண்ணில் ஒரு புள்ளி என்பது சுமார் 1 டிகிரி, அதாவது அந்த நகத்தில் பாதி. கடந்தையின் கண் பெரிசு, இன்னும் கொஞ்சம் தெளிவு என்றே வைத்துக்கொள்வோம். நம் முகம் 15 சென்டிமீட்டர் அகலம், 5 மீட்டர் தள்ளி நின்றால் கட்டை விரல் நகத்தை விடக் குறுகல். தேனீக் கணக்கில் குறுக்கே இரண்டு புள்ளிகூட இல்லை. இரண்டு புள்ளியில் என்ன மூக்கு, என்ன முழி? அரை மீட்டருக்கு வந்தால் 17 டிகிரி, அப்போது கோலம் போட இடம் இருக்கிறது. முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது என்று அண்ணாச்சி சொல்வது இந்தத் தூரம்தான், அது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 10, இரவு 10.30

இப்போது என் சொந்தக் கட்சி: முகம் இல்லை, வாடை.

எனக்குக் கல்லூரி முடித்த வருஷம் ஒரு கொட்டு. கிணற்று மோட்டார் ரூமில் கதவைத் திறந்ததும் புறங்கையில் ஒன்று. தீக்கங்கை வைத்து அழுத்தின மாதிரி. உதறிவிட்டு வெளியே ஓடினேன், விட்டிருந்தால் சரி, போட்ட செருப்பை எடுக்கத் திரும்பிப் போனேன். அதற்குள் நாலைந்து நேராக அதே கைக்கு வந்தன. கூட நின்ற தம்பியை ஒன்றுகூடத் தொடவில்லை. ஒரு கொட்டு விழுந்தால் அந்த விஷத்திலேயே மற்றவைக்கு ஆள் காட்டும் வாடை இருக்கிறது. ஜப்பானின் பெரிய கடந்தையில் 2003ல் அதைப் பிரித்தே காட்டிவிட்டார்கள், அந்தச் சரக்கில் சிலது சென்ட்டிலும் பண்டங்களுக்கு மணம் ஊட்டுவதிலும் சேர்கிறதாம். அண்ணாச்சி இடுப்பில் கட்டுகிற அரிவாள் பெட்டி அவர் அப்பா காலத்தது, தண்ணீரையே கண்டதில்லை. தலைத்துண்டும் அப்படித்தான். முகத்தை அல்ல, துண்டை ஞாபகம் வைத்திருக்கிறது.

கேஸ் முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 11, காலை 6.50

முடியவில்லை. அந்த வாடை காற்றில் சீக்கிரம் போய்விடுகிற சரக்கு, 'ஓடி வா' என்று கூப்பிடுகிற சத்தம் மாதிரி, அப்போதைக்குத்தான் வேலை. மாசியில் பட்டது சித்திரை வரை துண்டில் ஒட்டிக்கொண்டிருக்காது என்று ஒருவர் திட்டாத குறையாகச் சொல்லியிருக்கிறார். சரிதான். என் கைக்கு வந்தது வாடை, அண்ணாச்சி விஷயம் வாடை இல்லை.

இன்னொரு அம்மா கேட்டது முக்கியம், அதனால் தனியாகச் சொல்கிறேன். கொட்டின இடத்தில் சுண்ணாம்பு தடவுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது, பதநீருக்குச் சுண்ணாம்பு எப்போதும் கையில் இருப்பதால் பனையேறிகளுக்கு அதுதான் முதல் மருந்து. அதனால் விஷம் இறங்காது. நிறைய கொட்டு விழுந்தால் சிறுநீரகமே கெடும், சிலருக்கு ஒரே கொட்டில் மூச்சு அடைக்கும். நேராக ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 13, இரவு 8.40

நானே ஒரு சோதனை செய்தேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் அத்தை திருக்கை கீறிக் கருவாடு போடுவார். அந்தப் பலகைக்குக் கடந்தை வரும். இரை தேடி வந்தது யாரையும் ஒன்றும் செய்யாது, கூட்டுப் பக்கம் போனால்தான் அதற்குக் கோபம். ஒன்று வந்து சதையில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டித் தாடையால் அறுக்கிறது, கத்தரிக்கோல் ஓடுகிற மாதிரி சின்னச் சத்தம்கூடக் கேட்கிறது. அறுத்ததை முன்னங்காலில் உருட்டி மிளகளவு உருண்டையாக்கித் தூக்கிக்கொண்டு போகிறது. அறுக்கிற மும்முரத்தில் பக்கத்தில் கை போனாலும் கவனிப்பதில்லை. ஈர்க்குச்சி நுனியில் வெள்ளை நெயில் பாலிஷ் தொட்டு முதுகில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன் (நெயில் பாலிஷ் தங்கச்சியுடையது, அது தனி வழக்கு).

பொட்டுக்காரி பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தாள். முதல் இரண்டு தடவை கிளம்பும்போது நேராகப் போகவில்லை. எழும்பி, திரும்பி, பலகையைப் பார்த்தபடியே இடமும் வலமும் ஆடி, ஆட்டத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போய் அப்புறம்தான் வடக்கே பறந்தாள். பலகையை ஒட்டி நான் உட்கார்ந்திருந்ததால் என் முகத்துக்கு நேரே அரை மீட்டரில் ஆடினாள். என்னையே முறைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவள் பார்த்தது இடத்தை. பலகை, முருங்கை மரம், நீல டிரம், நடுவில் ஒரு மனுஷன்.

அடுத்து நானும் அத்தையும் இடம் மாறி உட்கார்ந்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை, வந்தாள், அறுத்தாள், போனாள். நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டேன், அதற்கும் ஒன்றுமில்லை. கடைசியாகப் பலகையை இரண்டு முழம் தள்ளி வைத்தேன். வந்தவள் பழைய இடத்துக்கு மேலே வெறும் காற்றில் நின்றாள். சுற்றினாள், திரும்ப அங்கேயே வந்து நின்றாள். திருக்கை வாடை ஊரையே தூக்குகிறது, இரண்டு முழத்தில் சாப்பாடு, இவளோ இல்லாத பலகையைத் தேடுகிறாள். சரியாக இடம் கண்டுபிடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது.

டின்பெர்கன் என்ற டச்சுக்காரர் 1930களில் மண்ணில் வளை தோண்டும் குளவிக்கு இதையேதான் செய்தார். வளையைச் சுற்றிப் பைன் மரக் காய்களை வட்டமாக அடுக்கினார், குளவி அதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு பறந்தது, வட்டத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி வட்டத்துக்கு நடுவில் இறங்கி இல்லாத வளையைத் தேடியது. அதைப் படித்துவிட்டுத்தான் நான் பலகையை நகர்த்தினேன், என் சொந்த மூளை என்று நினைக்க வேண்டாம்.

ஏப்ரல் 14, மதியம் 2.00

புத்தாண்டு வாழ்த்துகள். மாங்காய்ப் பச்சடிக் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய் வந்தால் அதில் ஒரு கடந்தை. முதுகில் பொட்டு இல்லை. விருந்தாளி.

ஏப்ரல் 24, இரவு 9.15

பொட்டுக்காரி 19ஆம் தேதிக்குப் பிறகு வரவில்லை. செத்தாளா, பொட்டு உதிர்ந்ததா, வேறு கடை பார்த்துக்கொண்டாளா தெரியாது. 15ஆம் தேதியிலிருந்து விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது, நாட்டுப் படகு மீன்தான். அத்தை பலகையில் சரக்குக் குறைந்துவிட்டது. அதுவும் காரணமாக இருக்கலாம்.

நடுவில் ஒருவர், குளவி வீட்டுக்குள் மண்கூடு கட்டினால் பிள்ளை பிறக்குமாமே, அது உண்மையா என்கிறார். எங்கள் வீட்டில் டிவிக்குப் பின்னால் மூன்று இருக்கிறது, இன்னும் யாரும் மாங்காய் கேட்கவில்லை. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிறது என்பார்களே, அந்தக் கூட்டை உடைத்துப் பாருங்கள், உள்ளே கொட்டு வாங்கி மரத்துப்போன சிலந்தியோ புழுவோ அடுக்கியிருக்கும். அது மாறுவதில்லை, குளவிக் குஞ்சுக்கு அதுதான் கட்டுச்சோறு.

ஏப்ரல் 27, இரவு 7.30

இவ்வளவு படித்தேனே, அண்ணாச்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்கவே இல்லை. இன்றைக்குத்தான் தோன்றியது.

"நீங்க எப்ப ஏறுறீங்க, மகன் எப்ப ஏறுறான்?"

மகன் விடியுமுன் ஏறிக் கலயத்தை மட்டும் இறக்குகிறான். இருட்டு, குளிர்ச்சி, கூட்டில் எல்லாம் ஒண்டிக் கிடக்கிற நேரம். இவர் சாயங்காலம் நாலரைக்கு ஏறுகிறார். பாளையைக் கடிப்பால் இடுக்கி, சீவி, கலயம் கட்டிவிட்டு வர ஒரு மரத்துக்கு நேரம் ஆகும், மட்டை பூராவும் ஆடும். வெளியே போனவை எல்லாம் உருண்டையோடு கூட்டுக்குத் திரும்புகிற நேரம் அது. வாசலில் கறுப்புத் துண்டு கட்டின ஒரு தலை ஆடிக்கொண்டிருக்கிறது. கடந்தைக்குக் கறுப்பும் ஆகாது, அசைவும் ஆகாது, அதிர்வு சுத்தமாக ஆகாது. யார் முகமாக இருந்தாலும் இறங்கி வந்து பார்க்கத்தான் செய்யும்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நேரம்னா நீ சொல்ற?" என்றார். வெள்ளைத் துண்டு ஒன்று கொடுத்திருக்கிறேன், கட்டுவாரா தெரியாது.

மே 4, இரவு 9.50

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி சாயல்குடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் மகன் ஏறியிருக்கிறான். ஏழாவது மரத்தில் இரண்டு கொட்டு, புருவத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ஒரு கண் மூடிக் கிடந்தது, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து இன்றைக்கு வீக்கம் வாடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. தீயணைப்புக்கும் சொல்லியாயிற்று, ராத்திரி வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பார்க்கப் போயிருந்தேன். பையன் படுத்திருக்கிறான், பாவமாக இருந்தது, ஆனாலும் வாயைக் கட்ட முடியவில்லை. "அண்ணாச்சி, நான் சொன்னேன்ல? முகமெல்லாம் இல்ல, நேரந்தான். இவன இத்தனை நாள் தொட்டுச்சா? சாயங்காலம் ஏறினதும் கொட்டிருச்சுல்ல?"

அவர் மகனுடைய வீங்கின முகத்தைத் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினார்.

"நல்லாப் பாரு தம்பி. அப்படியே என் மொகந்தானே?"